சோற்றுக்குப் பின் ஒரு கிளாஸ்

என் தம்பி குயிலாப்பாளையத்தில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தான். என்ன வேலை என்று கேட்டால் ‘பார் இன்சார்ஜ்’ என்பான். ஒருமுறை நேரிலேயே போய்ப் பார்த்தேன். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். கழுவப் போட்ட கிளாஸ்களை மோந்து பார்த்தே படித்துவிட்டான் போலிருக்கிறது, வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குப் பாடம் நடத்துவான். வெள்ளைக்காரர்கள் குடிப்பதற்கு நேரம் காலம் உண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, சாப்பிட்டு முடித்தபிறகு ஒன்று. அந்தக் கடைசி ஒன்றைச் சின்ன கிளாஸில், இனிப்பாக, ஜீரணத்துக்காகக் குடிப்பார்களாம். நம்ம ஊர் ஆட்கள்தான் நாகரிகம் தெரியாமல் வெறும் வயிற்றில் குவார்ட்டரைக் கவிழ்த்துக்கொண்டு சோற்றைத் தட்டோடு தள்ளிவிடுகிறார்கள் என்று ரொம்பவும் வருத்தப்படுவான். இத்தனை நாகரிகம் பேசுகிறவன் உச்சந்தலையில் ரப்பர் பேண்ட் போட்டுக் குடுமி கட்டியிருப்பான்.

அந்தக் கடைசி கிளாஸை அவன் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்துக் கலக்கியது என் கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு. சுனாமி வந்து போனதற்கு அடுத்த ஐப்பசி அது. மழை கொட்டித் தீர்த்து, மரக்காணத்து உப்பளம் மொத்தமும் ஏரியாகிக் கிடந்தது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளும் அந்தத் தண்ணீருக்குள்தான் எங்கேயோ இருந்தன. உப்பு வாருகிற வேலை நின்றுபோன அப்பாவுக்கு, என்னைத் தள்ளிவிடுகிற வேலை ஒன்றுதான் மிச்சம்.

எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஒரு பக்கம் எஸ்டிடி பூத், ஒரு பக்கம் மெஷின், நடுவில் நான். மெஷின் பல கடை பார்த்துவிட்டு வந்த பழசு. பேப்பர் மாட்டிக்கொண்டால் நானே திறந்து எடுப்பேன், டோனர் தீர்ந்தால் நானே போடுவேன். ரேஷன் கார்டு, டிசி, சாதிச் சான்றிதழ், பத்திரம் என்று ஊரில் என் கைக்கு வராத காகிதம் கிடையாது. சுனாமி நிவாரணத்துக்கு மனுக்கொடுக்க வந்த கூட்டத்தை ஒண்டியாளாகச் சமாளித்தவள் நான். கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தால்தான் நானும் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். வீட்டில் நான் வெறும் ‘இன்னும் ஆகாதது’.

பெண் பார்க்க வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. எல்லோரும் எங்கம்மா சுட்ட பஜ்ஜியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பொண்ணு கறுப்பு என்றார்கள். உப்பளத்து வெயில் என்று அதற்கு ஒரு காரணமும் அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறவள். ஒருத்தர், பொண்ணு நடை ஆம்பளை நடையாக இருக்கிறது என்றார். அவர் பையன் நடந்ததைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார்.

இந்த மாப்பிள்ளை வேறு மாதிரி வந்தார். திண்டிவனத்தில் டிராக்டர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறவர், சொந்த ஊர் பெருமுக்கல் மலையடிவாரம், நிலம் நீச்சு உள்ள குடும்பம். எங்கள் ஜாதகம் பொருந்தியது என்று தெரிந்ததும், வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கடைக்கு வந்தார். ஏதோ ஒரு பில்லை நீட்டி ஜெராக்ஸ் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு காப்பி என்றார். கொடுத்தேன். மூன்றாவது காப்பி கேட்டபோதுதான் ஆள் யார் என்று புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே, “கல்யாணத்துக்கு அப்புறமும் கடைய நீங்களே பாத்துக்கலாங்க, பஸ்ஸுதான் இருக்குதே” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வந்தவர்கள் எல்லாம் என் நிறத்தையும் நடையையும் பார்த்தபோது, இந்த மனுஷன் ஒருத்தர்தான் என் கடையைப் பார்த்தார். அதிகம் பேசாத ஆள், அடக்கமான ஆள் என்று நானே சான்றிதழ் எழுதி நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்புறம் இரண்டு தடவை வந்தார். எங்கள் கடையில் அந்த பில் எத்தனை காப்பி ஆனது என்று அவர் முதலாளிக்குத் தெரிந்தால் வேலையே போயிருக்கும்.

முறையாகப் பெண் பார்க்க அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். அப்பா இல்லாத குடும்பம். மாமன் வைத்ததுதான் சட்டம். ரோடு கான்ட்ராக்ட் எடுக்கிறவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கைவிரல் முழுக்க மோதிரம். வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் அப்பாவிடம், “மாமன மட்டும் நல்லா கவனிச்சிடுங்க” என்று சொல்லி வைத்திருந்தார். அப்பா கவனித்தார். பக்கத்து வீட்டிலிருந்து குஷன் சேர் கொண்டுவந்து போட்டார். டேபிள் ஃபேனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினார். தன் கையாலேயே ரோஸ் மில்க் கொண்டுவந்து கொடுத்தார். மாமன் அந்த ரோஸ் மில்க்கை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வீட்டை இன்னொரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்.

சொல்லி அனுப்பவே இல்லை. நான் ஒரு நாளைக்கு நூறு தரம் போனைப் பார்த்தேன். கடைசியில் மாப்பிள்ளையே கடைக்குப் போன் போட்டார். ரகசியம் சொல்கிற குரலில், “மாமாவ கொஞ்சம் கவனிச்சிருக்கலாங்க” என்றார். எனக்கு விளங்கிவிட்டது. எங்களூரில் குழந்தைக்குக்கூட விளங்கும். எங்கப்பாவுக்கு மட்டும்தான் கவனிப்பு என்றால் ஃபேன்.

இன்னொரு தடவை வரச் சொல்வோம், சாயங்காலமாக வரட்டும், ராத்திரிச் சாப்பாடு இங்கேயே ஆகட்டும் என்று முடிவானது. பாட்டில் வாங்குகிற விஷயத்தைத்தான் அப்பாவிடம் யார் சொல்வது என்று தெரியவில்லை. சாராயத்தைக் கண்ணால் பார்த்தாலே கால் கழுவுகிற ஆள் அவர். உப்பளத்தில் குடித்துவிட்டு வருகிறவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. தன் வீட்டுக்குள் பாட்டில் வந்தால் தான் வெளியே போய்விடுவதாக ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். நான் தம்பிக்குப் போன் போட்டேன்.

தம்பி வந்தான். வந்தவன் அப்பாவிடம் நேராகப் பேசவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டு வழக்கமாகக் குடிக்கிற அரிஷ்ட பாட்டிலை எடுத்து, லேபிளைப் பொறுமையாக அவருக்குப் படித்துக் காட்டினான். அதிலும் ஆல்கஹால் இருக்கிறது என்று அச்சடித்திருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். இத்தனை வருஷமாகத் தினமும் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் வெளுத்துவிட்டது. தம்பி அந்த நேரம் பார்த்து, தான் கலக்கப்போவதும் இதே மாதிரிதான், காபியும் பாலும் போட்டது, சாப்பிட்டபிறகு ஜீரணத்துக்குக் குடிப்பது, பெரிய பெரிய டாக்டர்களே குடிக்கிறார்கள் என்று அடித்துவிட்டான். 

அப்பா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். “சாப்பிட்டப்புறம்னா அது மருந்து, குடுக்கலாம். சாப்பிடறதுக்கு முன்னாடின்னா அது சாராயம். என் வூட்ல அது நடக்காது.”

தம்பிக்கு ஒரே சந்தோஷம். அவனுடைய வெள்ளைக்கார சட்டமும் அப்பாவின் சட்டமும் ஒன்றாகிவிட்டது. இரண்டு பேரும் மாமனுக்கு என்ன சட்டம் என்று யோசிக்கவே இல்லை.

அவர்கள் வரும் நாளன்று தம்பி மத்தியானமே சமையலறையைப் பிடித்துக்கொண்டான். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலை ஜீன்ஸ் பேண்டுக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்த்த ஆள் அந்தப் பேண்டின் நாற்றத்தில் மேற்கொண்டு கை வைக்கவில்லையாம். அம்மா சாயங்காலக் காபிக்கு இறக்கி வைத்திருந்த டிகாக்ஷனை ஒரு சொட்டு விடாமல் எடுத்துக்கொண்டான். ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க். கொஞ்சம் ஏலக்காய், அது கெஸ்ட் ஹவுஸ் முறையில் கிடையாது, அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கலக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு பங்கு பிராந்தி, ஒரு பங்கு ஆறிய டிகாக்ஷன், அரைப் பங்கு பால், நிறைய ஐஸ். மூடி போட்டுக் குலுக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், மேலே காபித்தூளை ஒரு சிட்டிகை தூவ வேண்டும். இதைச் சொல்ல அவனுக்கு அரைமணி நேரம் ஆனது. நடுநடுவே இங்கிலீஷ் வேறு.

குலுக்குவதற்கு அவன் கேட்ட சாமானுக்கு எங்கள் வீட்டில் பேர்கூடத் தெரியாது. அப்பா உப்பளத்துக்குக் கூழ் எடுத்துப்போகிற எவர்சில்வர் தூக்கு ஒன்று இருந்தது, மூடி இறுக்கமாக இருக்கும். அதில் எல்லாவற்றையும் ஊற்றித் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினான், குடுமியும் கூடவே குலுங்கியது. மூன்றாவது குலுக்கில் மூடி கழன்று அம்மா வழித்து வைத்திருந்த இட்லி மாவில் போய் விழுந்தது. சுவரில் பாதி, அவன் சட்டையில் மீதி. அம்மா கரண்டியைக் கையில் எடுத்தாள். மறுபடியும் ஒரு தூக்கு கலக்கினான். இந்தத் தடவை மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு குலுக்கினான்.

கிளாஸ் டீக்கடையில் இரவல் வாங்கியது. ஐஸ்தான் வம்பு. எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் பிடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு அனுமந்தைக்குப் போய், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸில் ஒரு பாளத்தை உடைத்துக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தான். நன்றாகக் கழுவிவிட்டதாகச் சொன்னான். ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் இனிப்பு, அப்புறம் காபிக் கசப்பு, அப்புறம் தொண்டையில் ஒரு சூடு, எல்லாம் இறங்கியபிறகு லேசாகச் சங்கரா மீன். சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

பொழுது சாய அவர்கள் கார் வந்து நின்றது. தாய்மாமன், மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளை. நான் புடவை கட்டி, பூ வைத்து, சமையலறை வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பஜ்ஜி போனது, கேசரி போனது. பிராந்திக் கலவையில் போய்விட்ட காபிக்குப் பதிலாக டீ போனது. மாமன் எதையும் தொடவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால்கூடப் பார்த்தார். கடைசியில் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்குதுங்க, சாப்பிட்டப்புறம் என்றான் தம்பி, டை கட்டாத குறைதான்.

மாமனுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. “சாப்பிட்டப்புறமா? சோறு உள்ள போனப்புறம் எவன்யா குடிப்பான்? அது எங்க போய் நிக்கும்?” தம்பி வெள்ளைக்காரர்களைச் சாட்சிக்கு அழைத்தான். ஜீரணம் என்றான். மாமன், தனக்கு ஜீரணத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். முதலில் அதைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா நடுவில் புகுந்து, சாப்பிடாமல் அது கிடையாது, இந்த வீட்டில் அதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்கு முன்னால் பிறந்த வழக்கம் அது.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் கை நனைக்க மாட்டார்கள். பஜ்ஜி, காபி கணக்கில் சேராது. இலை போட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் பின்வாங்கினால் அசிங்கம். ஆகவே பேசி முடிக்காமல் மாமன் சாப்பிட முடியாது. உள்ளே ஒரு கிளாஸ் இறங்காமல் அவருக்குப் பேச்சு வராது. சாப்பிடாமல் அந்த கிளாஸை அப்பா கொடுக்க மாட்டார். மாமன், அப்பா, தம்பி மூன்று பேரும் அவரவர் நியாயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மழை எப்போது விடும் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். மாப்பிள்ளை தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கட்டைவிரல்தான் போல, நிமிரவே இல்லை.

உள்ளே ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. எத்தனை பேர் முன்னால் நின்று நின்று, கடைசியில் கடையை நீயே வைத்துக்கொள் என்று சொன்ன ஒரு ஆள் கிடைத்திருக்கிறான், அது இப்போது ஒரு கிளாஸ் முன்னாலா பின்னாலா என்பதில் போகப்போகிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று ஆண்களின் தலையையும் ஒரே தூக்கில் போட்டுக் குலுக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் அம்மா பொரித்து வைத்திருந்த மீன் கண்ணில் பட்டது. ஒரு தட்டை எடுத்தேன். இரண்டு துண்டு மீன், ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் வெங்காயம், ஓரத்தில் ஒரு கைப்பிடி எலுமிச்சம் சாதம். நேராக முன்னறைக்குக் கொண்டுபோய் மாமன் முன்னால் வைத்தேன். இன்னும் மாமா ஆகாதவரை மாமா என்று கூப்பிட்டு, “சைடிஷ் மாமா” என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவர் முகத்தில் லைட் எரிந்தது. சைடிஷ் வந்தால் பின்னாலேயே மற்றதும் வரும் என்பது அவர் பிழைப்பில் தவறாத கணக்கு. சைடிஷ் என்பது சாப்பாடும் ஆகாது. இருந்தாலும் ஜாக்கிரதையான மனுஷன், சாதத்தைப் பார்த்ததும் கை நனையக்கூடாது என்று ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பும்போது அப்பா பக்கம் குனிந்து, மாமா சாப்பிட ஆரம்பிச்சிட்டாருப்பா என்றேன். அப்பா எட்டிப் பார்த்தார். தட்டில் சோறு இருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. அவர் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரே தட்டு, ஒரு பக்கம் சைடிஷ், ஒரு பக்கம் சாப்பாடு. எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

தம்பி டீ கிளாஸில் ஊற்றி, காபித்தூள் தூவி, பணிவாகக் கொண்டுபோய் வைத்தான். மாமன் ஒரு வாய் குடித்துவிட்டு, இது என்ன பாயசமா என்று கேட்டார். இரண்டாவது வாயில் கிளாஸைக் காலி செய்துவிட்டு நீட்டினார். தம்பி ஊற்றினான். இது மெதுவாகக் குடிக்க வேண்டியது என்று அவன் சொல்லிப் பார்த்தான். மாமன் மறுபடி நீட்டினார். இனிப்பு என்பதால் அவருக்கு அது கணக்கிலேயே வரவில்லை. தூக்கு பாதி காலியானதும் மோதிரக் கையை அப்பாவின் தொடையில் போட்டு, அவரை ‘சம்பந்தி’ என்று கூப்பிட்டார். உள்ளே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது.

நகை உங்கள் இஷ்டம் என்றார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார். சத்திரம் தானே பார்ப்பதாகச் சொன்னார். அப்புறம் ஏப்பம் விட்டுவிட்டு, சும்மா ஞாபகம் வந்த மாதிரி ஒன்று சொன்னார்.

“அந்த ஜெராக்ஸ் கடைய மட்டும் மூடிடுங்க. எங்க வூட்டுப் பொம்பள பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு கண்டவன் ரேஷன் கார்ட வாங்கி நகல் எடுத்துக்கினு இருந்தா நல்லாவா இருக்குது?”

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மெஷினை வாங்க ஆள் இருக்கிறது, விற்றுவிட்டால் போகிறது என்றார். முடிந்தது. இலை போடுங்கள் என்றார் மாமன்.

நான் கதவு இடுக்கு வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தேன். இப்போது பேசுவார் என்று நினைத்தேன். பஸ்தான் இருக்கிறதே மாமா என்று ஒரு வார்த்தை போதும். அவர் எழுந்து கை கழுவப் போனார்.

ஆண்களுக்கு இலை போட்டோம். நான்தான் பரிமாறினேன். மாமன் இந்தத் தடவை ஸ்பூன் கேட்கவில்லை, முழுக்கையையும் குழம்பில் போட்டுப் பிசைந்தார். மாப்பிள்ளை இலைக்கு வந்தபோது குனிந்து, கடையைப் பற்றி நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்களே என்று மெல்லக் கேட்டேன். அவர் ரசத்துக்குக் குழி செய்துகொண்டே, “மாமா சொல்றாரு இல்லீங்க, அப்புறம் பாத்துக்கலாங்க” என்றார். குரலில் அதே அடக்கம். அந்த அடக்கத்துக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். ரசத்தை அவர் குழிக்குச் சரியாக ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் தம்பி வந்தான். அவனுக்கு இதுதான் நேரம், வெள்ளைக்காரன் கணக்கில் இதுதான் அசல் நேரம். புதிதாகக் கலக்கி, தட்டில் ஒரே ஒரு கிளாஸ் வைத்து, மேலே தூளைக்கூடப் பூ மாதிரி தூவி, மாமனிடம் நீட்டினான். மாமன் வயிற்றைத் தடவிக்கொண்டு, சோற்றுக்கு மேல் குடித்தால் வாந்தி வரும், எடுத்துக்கொண்டு போ என்றார். தம்பி தட்டும் கையுமாக நின்றான். அவன் படித்த படிப்பெல்லாம் அந்தத் தட்டில் இருந்தது.

பெண்களுக்கு இலை விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து சாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். பக்கத்து இலையைக் காட்டி, அத்தை கூட உட்கார்ந்து சாப்பிடு என்றாள் அம்மா. நான் உட்காரவில்லை. கடையை மூட மாட்டேன் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மாமன் வேறு பக்கம் பார்த்துப் பல் குத்தினார். அப்பா எழுந்து என்னிடம் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

“எல்லாரும் கை நனைச்சாச்சு பாப்பா” என்றார். “இனிமே பேச ஒண்ணும் இல்ல.”

“நான் இன்னும் நனைக்கலப்பா.”

மாமன் சிரித்தார். பொண்ணுக்கு வெட்கம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றார். அப்பாவும் கூடவே சிரித்தார். அம்மா என் தோளை அழுத்தி இலை முன்னால் உட்காரவைக்கப் பார்த்தாள். நான் சொன்னதை அந்த வீட்டில் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வாசல் பக்கம் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

தம்பியின் தட்டிலிருந்த கிளாஸை எடுத்தேன். மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு, அப்பாவின் தீர்ப்புப்படி இது மருந்தில் சேராது. முன்னறை நடுவில் நின்று, எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் குடித்துவிட்டு கிளாஸை மாமன் பக்கத்தில் வைத்தேன். அத்தை ஆகப்போனவர் வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் பேசினார். அன்றைக்கு அவர் எல்லோருக்கும் கேட்கும்படி வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

“போலாமா மாமா?”

அதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டு, பதில் வரும்வரை நின்றார்.